ரதியின் புலம்பலும் கொழுந்துக் கூடையும்



பதுளையிலிருந்து நிமிர்ந்து நோக்கினால் நமுனுகுல மலை தெரியும். அதன் சாரலில் தேயிலை தழைத்த காலந்தொட்டுக் கொழுந்து பறித்து வந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஆயினும் மலைநாட்டு மக்கள் கேட்டும் கண்டும் மகிழ்ந்த கதைகளில் பெண் எவ்வாறு அறியப்பட்டாள்? கொழுந்துக் கூடையாலன்று, அவள் கொண்ட காதலாலேயே அறியப்பட்டாள்.

முதலில் காமன் கூத்தை எடுத்துக்கொள்வோம். தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தோர் தம்முடன் கொண்டுவந்த கலை அது. மாசி மாதத்தில் தப்பு முழங்க, ரதி மன்மதன் கதை ஆடப்படும். ரதி வேடத்தைப் புனைவதும் ஆடவரே. சிவனது தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை ரதி தடுக்கிறாள். தீங்கு நேரும் என்று எச்சரிக்கிறாள். அவன் செவிசாய்க்கவில்லை, நெற்றிக்கண்ணின் நெருப்பில் எரிந்து சாம்பலாகிறான். பின்னர் ரதி புலம்புகிறாள். கூடியிருக்கும் பெண்களும் கண் கலங்குகின்றனர்.

அந்தக் கண்ணீர் பொய்யன்று. வாழ்வில் இழப்பைக் கண்டவர்களுக்கு அதிலே ஓர் ஆறுதலும் உண்டு. ஆயினும் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்தக் கதையில் வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்தவள் ரதி. ஊர் நினைவில் வைத்திருப்பதோ அவளுடைய அறிவையன்று, அழுகையையே!

அடுத்து, புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’. 1935ஆம் ஆண்டில் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த கதை இது. கணவன் வெள்ளையன் சிறை சென்றபின், மருதி பிழைப்புத் தேடி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறாள். துணையிழந்த அவள் அங்கே துரையின் அதிகாரத்துக்கு இரையாகிறாள். கணவன் என்னும் வேலி அகன்றால் பெண்ணுக்குக் காப்பு வேறில்லை என்னும் நிலையை ஆசிரியர் ஈவிரக்கமின்றிக் காட்டிவிடுகிறார். ரதியின் துயரைத் தெய்வம் தீர்த்து வைக்கிறது. மன்மதன் மீண்டும் எழுகிறான். மருதியின் துயரைத் தீர்க்க எவரும் வரவில்லை.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964ஆம் ஆண்டில் வெளிவந்தது. தோட்ட மக்களின் வாழ்வை ஒரு பெண்ணின் வாழ்க்கை வழியாகச் சொல்லும் நாவல் அது. இங்கே உறவுகளோடு உழைப்பும் கதையாகிறது. லயமும் மலையும் வெறும் பின்னணியாக நின்றுவிடவில்லை.

கதைக்கும் வாழ்வுக்கும் தொடர்பு இல்லையென்று எண்ணவேண்டாம். பெண் ஈட்டிய கூலியைக் கணவனோ தந்தையோ சென்று வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. ஆணுக்கு நிகரான நாட்கூலி பெண்ணுக்குக் கிடைத்ததே 1984ஆம் ஆண்டில்தான். பறித்த கை அவளுடையது. பணம் பெற்ற கை மற்றொருவருடையது. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டுமே கதையில் வாழ்ந்தவளை, சம்பள மேசையும் அவ்வாறே கண்டது எனலாம்.

காதல் கதைகள் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. காதலின்றிக் கதை ஏது? ஆனால், வானொலியிலோ தொலைக்காட்சியிலோ அடுத்த முறை ஒரு கதாநாயகியைச் சந்திக்கும்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள்: அவள் யாருக்காக அழுகிறாள் என்பது மட்டுமா நமக்குத் தெரிகிறது? அவள் என்ன அறிந்திருக்கிறாள், என்ன உழைக்கிறாள், எதை வேண்டுகிறாள் என்பதும் தெரிகிறதா?

காமன் கூத்தில் ரதி புலம்பத் தொடங்குமுன் ஒரு வார்த்தை சொல்கிறாள். இனியேனும் அதற்குச் செவிகொடுப்போம்.