அடி விழாமலே காலியான ஊர்

வெளியூரில் பிழைக்கப் போனவனுக்கு வதந்தி என்பது திண்ணைப் பேச்சு இல்லை. பெட்டியைக் கட்டலாமா, வேண்டாமா என்ற கேள்வி. பெங்களூர்த் தமிழர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்த கையோடு இங்கே கலவரம் வெடித்தது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அப்போது செல்போன் கிடையாது. அடி நிஜமாகவே விழுந்தது, அதனால் ஓடினார்கள்.

2012-ல் நடந்தது வேறு கதை. அடி விழாமலே ஊர் காலியானது.

அந்த ஆண்டு ஜூலையில் அசாமின் கோக்ராஜார் பக்கம் போடோக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பெரும் கலவரம். லட்சக்கணக்கானவர்கள் முகாம்களில் கிடந்தார்கள். அது நிஜம். ஆனால் கூடவே ஒரு பொய்யும் கிளம்பியது. ரம்ஜான் முடிந்ததும் தென்னிந்திய நகரங்களில் இருக்கும் வடகிழக்கு மக்களைத் தாக்கப் போகிறார்கள் என்று குறுஞ்செய்திகள் பறந்தன. புயலிலும் நிலநடுக்கத்திலும் இறந்தவர்களின் படங்களைக் கலவரப் படங்கள் என்று இணையத்தில் சுற்ற விட்டார்கள்.

ஆகஸ்ட் 15-லிருந்து பெங்களூர் ரயில் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. செக்யூரிட்டி வேலை பார்த்தவர்கள், ஹோட்டல் பையன்கள், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் குவாஹாட்டிக்குக் கிளம்பினார்கள். ரயில்வே சிறப்பு ரயில்களை விட்டது. மாநில உள்துறை அமைச்சரே நிலையத்துக்கு வந்து, போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். யார் கேட்டது? மத்திய அரசு மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதை 15 நாளுக்குத் தடை செய்தது. ஒரு நேரத்தில் 5 பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்றானது.

அமைச்சர் சொல்லியும் ஏன் நம்பவில்லை? என் கணிப்பு இதுதான். அந்தப் பொய்யைக் கொண்டுவந்தது ஊரிலிருந்து பேசிய அம்மாவின் குரல், அண்ணனின் குரல். பொய்யை உருவாக்கியவன் எவனோ. அதைச் சுமந்து போனது பாசம். பாசம் சொல்வதை யார் சரிபார்ப்பார்கள்?

நம் முறை 2016 செப்டம்பரில் வந்தது. அப்போது எல்லோர் கையிலும் வாட்ஸ்அப். பெங்களூரில் ஒரு தமிழ் மாணவரை அடிக்கும் வீடியோ தமிழ்நாட்டுக்குப் போனது. ராமேஸ்வரத்தில் கர்நாடகாவிலிருந்து வந்தவரை அடிக்கும் வீடியோ இங்கே வந்தது. செப்டம்பர் 12-ம் தேதி ஒரே இடத்தில் நிறுத்தியிருந்த பல பேருந்துகள் எரிந்தன. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. இந்த வீடியோக்கள் பொய்யல்ல என்பதைக் கவனியுங்கள். நிஜமான வீடியோவாக இருந்தாலும், கோபம் தலைக்கேறிய நேரத்தில் அனுப்பினால் அதுவும் எண்ணெய்தான்.

2018 மே மாதம் இதே ஊரில், சாம்ராஜ்பேட்டையில், ராஜஸ்தானிலிருந்து வேலை தேடி வந்த ஓர் இளைஞரைப் பிள்ளை பிடிப்பவன் என்று அடித்தே கொன்றார்கள். அந்த நாட்களில் நாடெங்கும் சுற்றிய ஒரு கடத்தல் வீடியோ, உண்மையில் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திருப்பி விடும் கடைசிக் காட்சியை மட்டும் வெட்டிவிட்டார்கள். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது. 2012-லும் 5, 2018-லும் 5!

பிறகு 2023 மார்ச். இந்த முறை தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள். ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களின் சண்டை என்று தமிழகக் காவல்துறைத் தலைவர் விளக்கினார். பீகார் அரசே ஒரு குழுவை அனுப்பிப் பார்த்தது. அதற்குள் பலர் பயந்து ரயில் ஏறிவிட்டார்கள். நம் ஊர்க்காரர்கள் 1991-ல் பட்ட பயத்தை, நம் ஊரில் இருந்தவர்கள் பட்டார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குப் புரிவது: அஞ்சு என்ற கணக்கை அரசோ கம்பெனியோ போடலாம், பூஜ்யம் என்ற கணக்கை நாம்தான் போட முடியும். வீடியோ வந்தால் எந்த ஊர், எந்த வருஷம் என்று அனுப்பியவரையே கேளுங்கள். தெரியாது என்றால் அது உங்கள் போனோடு நிற்கட்டும். ஊரிலிருந்து அப்பா அனுப்பினால், "இங்கே எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா, நான் கடைக்குப் போயிட்டுதான் வர்றேன்" என்று உடனே ஒரு போன் போடுங்கள். வதந்தி பாசத்தின் வழியாக வருகிறது. மறுப்பும் அதே வழியில் போனால்தான் வீட்டுக்குள் நுழையும்.

நாமும் ஒரு காலத்தில் அந்த பிளாட்பாரத்தில் நின்ற ஜனங்கள்தானே?