ஜோன்ஸ் துரையின் அசோக மரம்

நம் ஊர் பங்களா வாசல்களில் குடையை மடக்கி நிறுத்தினாற்போல ஒரு மரம் நெட்டையாக நிற்கும். அதை அசோக மரம் என்பார்கள். அது நெட்டிலிங்கம். அதன் பூ வெளிர் பச்சை. தேடினால்தான் கண்ணில் படும். அதன் அடியில் சீதாபிராட்டியை உட்காரவைத்துப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நிழல்கூடக் கிடையாதே!

அசல் அசோகத்தைப் பார்க்கப் பங்குனி, சித்திரை வெயிலில் கல்கத்தாவுக்கு அக்கரையில், சிப்பூர் தாவரத் தோட்டத்துக்குப் போகவேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கர்னல் ராபர்ட் கிட் 1787-ல் ஆரம்பித்த தோட்டம் அது. வருகிறவர்கள் பெரிய ஆலமரத்தைத் தேடித்தான் ஓடுகிறார்கள். அசோகம் அடக்கமான மரம். ஆனால் கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டால் அதைத் தாண்டிப் போகக் கால் எழாது. மலரும்போது ஆரஞ்சு மஞ்சள். பிறகு நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் இரண்டு நிறமும் இருக்கும். இதில் வேடிக்கை, அந்தப் பூவுக்கு இதழே கிடையாது. நாம் இதழ் என்று நினைப்பது புல்லிவட்டம்.

தோட்டத்துக்கு எதிர்க்கரை கார்டன் ரீச். அங்கேதான் ஸர் வில்லியம் ஜோன்ஸ் குடியிருந்தார். சுப்ரீம் கோர்ட் நீதிபதி. 1789-ல் சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டவர். காவியங்களில் படித்த செடி கொடிகளை நேரில் பார்த்துக் குறிப்பு எழுதினார். அசோகத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் நீதிபதியின் நிதானம் அவரை விட்டுப் போய்விடுகிறது. மனைவி அன்னா மரியாவுக்கும் செடிகளில் ஆசை. அந்த அம்மாள் அவற்றைப் படமாக வரைவாள். உடம்புக்கு ஆகாமல் 1793-ன் கடைசியில் அவள் சீமைக்குக் கப்பலேறினாள். தர்ம சாஸ்திரத் தொகுப்பு முடியட்டும் என்று துரை தங்கிவிட்டார். 1794 ஏப்ரல் 27-ல் இறந்தார். வயது 47. அசோகம் பூக்கிற காலந்தான். அசோகம் என்றால் சோகம் இல்லாதது என்று அவருக்கு யாரும் பொருள் சொல்லவேண்டியதில்லை.

கிட்டுக்குப் பின் தோட்டத்துக்கு அதிகாரியாக வந்த வில்லியம் ராக்ஸ்பர்க் முன்பு நம் சென்னை ராஜதானியில் கம்பெனி டாக்டராக இருந்தவர். ஜோன்ஸைக் கௌரவிக்க அவர் இந்த மரத்துக்கு 'ஜோன்ஸியா அசோகா' என்று பெயர் சூட்டினார். ஆனால் லின்னேயஸ் 1767-லேயே இந்தக் குலத்து மரங்களுக்கு 'சராகா' என்று பெயர் வைத்திருந்தார். முந்தி வைத்த பெயரே செல்லும் என்பது தாவர சாஸ்திரத்தின் சட்டம். நீதிபதியின் பெயர் சட்டப்படியே நீங்கியது. இப்போது அது 'சராகா அசோகா'.

துரையின் சமாதி பார்க் தெருக் கல்லறையில் இருக்கிறது. உயரமான கூர்நுனித் தூண். தூரத்தில் நின்று பார்த்தால் நெட்டிலிங்கம் மாதிரி இருக்கும்.