தூரத்தில் பிறந்த ஊர்

சென்னைப் பட்டணம் தன் நெருக்கடியிலிருந்து விலகியிருக்க ஓர் இடம் தேடியது. அந்த இடம்தான் தாம்பரம். சரித்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோயாளிகளுக்கு ஒரு சானடோரியம் நிறுவினார். அந்த நோயைக் குணமாக்கும் மருந்து அன்று கிடையாது. நல்ல காற்றையும் ஓய்வையுமே நம்பினார்கள். 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரியும் ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே மரங்களுக்கு நடுவே குடியேறியது. நோயாளிக்கும் மாணவனுக்கும் வேண்டியிருந்தது ஒன்றேதான்: ஊரை விட்டுத் தூரம்.

ஆனால் அந்தத் தூரத்தை 1931-லேயே ஒருவன் விழுங்க ஆரம்பித்துவிட்டான். அவன்தான் மின்சார ரயில். அந்த ஆண்டு மே 11 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் ஓடத் தொடங்கினான். அதன்பின் தூரத்தை யாரும் மைலில் கணக்கிடவில்லை, நிமிஷத்தில் கணக்கிட்டார்கள். பட்டணத்து வாடகைக்குக் கட்டுப்படியாகாத குமாஸ்தா, சீசன் டிக்கட்டை நம்பி இங்கே மனை வாங்கினார். பகலில் பட்டணத்துக்கு உழைப்பு, இரவில் தாம்பரத்துக்குத் தூக்கம்!

1964-ல் நகராட்சி. 2004-ல் மீட்டர் கேஜ் மின்சார ரயில் விடைபெற்றது. அகலப் பாதை நிலைத்தது. 2021-ல் பல்லாவரம், பம்மல் முதலியவற்றையும் சேர்த்துக்கொண்டு தாம்பரம் மாநகராட்சியே ஆயிற்று.

பெருமைதான். ஆயினும் எனக்கு ஒரு கவலை. காற்றுக்காக வந்தவர்களின் ஊரில், வீட்டுக்காக வந்தவர்கள் பெருகிவிட்டார்கள். சானடோரியம் என்ற பெயரை ரயில் நிலையப் பலகை இன்னும் சுமக்கிறது. அந்தக் காற்றையும் யாராவது காப்பாற்ற வேண்டாமா?