கண்ணுல சோளத்தட்டு கீறிருச்சா? மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மக்காச்சோளத் தட்டு அறுக்கும்போது தாளின் ஓரம் கண்ணில் சர்ரென்று கீறிவிடுகிறது. கொஞ்ச நேரம் கண்ணீர் கொட்டும், உறுத்தும். "ஒண்ணுமில்லீங்க, தூசி பட்டுருச்சு" என்று துண்டால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மறுநாள் கண் சிவந்திருக்கும். பக்கத்து மெடிக்கலில் "கண்ணு சிவப்புக்கு ஒரு மருந்து கொடுங்க" என்று கேட்டு வாங்கிப் போடுவார்கள். நாலாவது, ஐந்தாவது நாள் கண்ணைத் திறக்கவே முடியாது. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும்.

அதற்குப் பிறகுதான் பொள்ளாச்சியிலோ கிணத்துக்கடவிலோ பஸ் ஏறி, உக்கடத்தில் இறங்கி, ஜி.எச்.க்கோ அவிநாசி ரோட்டில் உள்ள கண் ஆஸ்பத்திரிக்கோ போகிறார்கள்.

இதற்குப் பெயர் கருவிழிப் புண். இந்தப் புண்ணுக்கு எந்த மருந்து சரி, எது தப்பு என்பதை உலகத்துக்கே சொன்ன முக்கியமான ஆய்வுகள் நடந்தது அமெரிக்காவிலோ லண்டனிலோ இல்லை. மதுரை, கோவை, புதுச்சேரி, நெல்லை என்று நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில், நம்ம ஊர் விவசாயிகளின் கண்ணில்தான் நடந்தது. அந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பார்க்கலாம்.

கருவிழிப் புண் என்றால் என்ன?

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல மூடியிருக்கும் படலம்தான் டாக்டர்கள் சொல்லும் கருவிழி. நடுவில் அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே போக வேண்டும் என்பதால் அதில் ரத்தக்குழாய்களே கிடையாது. அந்த வசதிதான் ஆபத்தும்கூட. ரத்த ஓட்டம் இல்லாத இடத்தில் கிருமி நுழைந்துவிட்டால், உடம்பின் பாதுகாப்புப் படை வந்து சேரத் தாமதமாகும்.

மேல்தோல் நன்றாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும், கிருமிக்கு வழி கிடைத்துவிடும். சுத்தமான கீறல் ஒன்றிரண்டு நாளில் தானாக ஆறிவிடும். கிருமி புகுந்த கீறல் புண்ணாகும். ஆறினாலும் தழும்பு வெள்ளையாக நின்றுவிடும். கண்ணாடியில் சுண்ணாம்பு தடவியது போலத்தான், அதன் வழியாகப் பார்க்க முடியாது.

நம்ம ஊர்ல மட்டும் ஏன் இவ்வளவு?

மதுரை மாவட்டத்தில் 1993-ல் எத்தனை பேருக்கு இந்தப் புண் வந்தது என்று கணக்கெடுத்தார்கள். ஒரு லட்சம் பேரில் 113 பேர். அமெரிக்காவில் ஒரு பகுதியில் எடுத்த கணக்கில் இது ஒரு லட்சத்துக்கு 11. அதாவது நமக்கு 10 மடங்கு. மதுரைக் கணக்கை வைத்துப் பார்த்தால் இந்தியா முழுக்க ஆண்டுக்கு சுமார் 8.4 லட்சம் பேருக்கு இது வரலாம் என்று அப்போதே மதிப்பிட்டார்கள்.

அடுத்து 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்றே மாதத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இந்தப் புண்ணோடு வந்தவர்கள் 434 பேர். அதில் 284 பேருக்கு முன்னதாகக் கண்ணில் அடிபட்டிருந்தது. புண்ணைச் சுரண்டி எடுத்துச் சோதித்ததில், கிருமி வளர்ந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு பாக்டீரியா, கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பூஞ்சை.

இந்தப் பாதிக்குப் பாதிதான் விஷயமே. குளிர் நாடுகளில் பூஞ்சைப் புண் அரிது. அதனால் அங்கே எழுதிய பாடப்புத்தகங்கள் பாக்டீரியாவைத்தான் பெரிதாகப் பேசும். நம்ம ஊரில் கண்ணில் கீறுவது தட்டு, சோகை, நெல் தாள், தென்னை மட்டை, மண். செடியிலும் மண்ணிலும் இருக்கும் பூஞ்சை நேராகக் கண்ணுக்குள் போகிறது.

அதில் முக்கியமானது ஃபியூசேரியம். வாழை போட்டவர்களுக்கு இந்தப் பேர் தெரிந்திருக்கும். வாழையில் வாடல் நோயைக் கொண்டுவருவது இதே குடும்பத்துப் பூஞ்சைதான். மதுரை ஆய்வில் கிடைத்த பூஞ்சைகளில் கிட்டத்தட்ட பாதி இந்தக் குடும்பம்.

புது மருந்தா, பழைய மருந்தா?

பூஞ்சைப் புண்ணுக்கு ரொம்ப நாளாக இருக்கும் சொட்டு மருந்து நேட்டாமைசின். 1950-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது. பேரிலேயே ஊர் இருக்கிறது. (இன்னொரு சுவாரசியம்: வெளிநாடுகளில் சீஸ் மேல் பூசணம் பிடிக்காமல் இருக்கவும் இதைத்தான் தடவுகிறார்கள்.) இதில் ஒரு குறை உண்டு. தண்ணீரில் கரையாது, பால் போலக் கலங்கிய மருந்து, கருவிழிக்குள் ஆழமாக இறங்காது.

பிறகு வோரிகொனசோல் என்ற புது மருந்து வந்தது. தெளிவான சொட்டு, கண்ணுக்குள் நன்றாக இறங்கும். "புதுசு, உள்ளே இறங்குது, அப்போ இதுதானே பெஸ்ட்?" என்று பல டாக்டர்கள் அதற்கு மாறத் தொடங்கினார்கள். ஆனால் இரண்டையும் நேருக்கு நேர் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர்கள் இல்லை.

அதைச் சோதிக்கத்தான் 2010-ல் அரவிந்த் மருத்துவமனைகளும் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கின. மதுரை அரவிந்தின் டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னா முன்னின்று நடத்தினார். கோவை அரவிந்தும் ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று. பூஞ்சைப் புண்ணோடு வந்த 323 பேரைச் சேர்த்தார்கள். யாருக்கு எந்த மருந்து என்பதை முடிவு செய்தது குலுக்கல். நோயாளிக்கும் தெரியாது, பார்வையை அளப்பவருக்கும் தெரியாது. முதல் ஒரு வாரம் விழித்திருக்கும் நேரம் முழுக்க மணிக்கு ஒரு சொட்டு.

முடிவு 2013-ல் 'ஜாமா ஆப்தல்மாலஜி' இதழில் வந்தது. பழைய மருந்துதான் ஜெயித்தது!

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, நேட்டாமைசின் போட்டவர்கள் கண் பரிசோதனை அட்டையில் சராசரியாக ஏறக்குறைய இரண்டு வரி கூடுதலாகப் படித்தார்கள். ஃபியூசேரியம் பூஞ்சை இருந்தவர்களை மட்டும் தனியாக எடுத்தால் வித்தியாசம் சுமார் நான்கு வரி. நாலு வரி என்றால் சாதாரணமில்லை. பஸ் போர்டைப் படிக்க முடிகிற கண்ணுக்கும், யாரிடமாவது "இது எந்த ஊர் பஸ்ஸுங்க?" என்று கேட்க வேண்டிய கண்ணுக்கும் உள்ள தூரம் அது. கருவிழி ஓட்டையாகிப் போவதும், அவசரமாகக் கருவிழி மாற்று ஆபரேஷன் செய்ய வேண்டி வருவதும் நேட்டாமைசின் பக்கம் தெளிவாகவே குறைவு. மற்ற பூஞ்சைகளில் இரண்டு மருந்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதே நேட்டாமைசின் 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது.

மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால்?

அதையும் பார்த்தார்கள். பார்வை ரொம்பவே போன நிலையில் வந்த 240 பேருக்கு, சொட்டு மருந்தோடு வோரிகொனசோல் மாத்திரையும் சேர்த்தால் கண்ணைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வி. ஒரு பாதிக்கு நிஜ மாத்திரை, இன்னொரு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. நேபாளத்திலும் சிலரைச் சேர்த்தார்கள். 2016-ல் வந்த முடிவு: மொத்தத்தில் பலனில்லை. பக்க விளைவுகள்தான் அதிகம்.

புற ஊதா ஒளி பாய்ச்சிக் கருவிழியை இறுக்கும் சிகிச்சையும் அரவிந்தில் சோதிக்கப்பட்டது. 111 பேர், முடிவு 2020-ல். அதிலும் கூடுதல் நன்மை இல்லை, பார்வை சற்றுக் குறைவாகத்தான் இருந்தது. பெரிய மெஷின், புது டெக்னாலஜி என்றாலே கண் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்காக இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டீராய்டு சொட்டு: உண்மையான வில்லனா?

கண் சிவப்புக்கு என்று கேட்டால் கையில் கிடைக்கும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். நடப்பது என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டீராய்டு போட்டால் சிவப்பு குறையும், வலி குறையும். "அட, சரியாயிருச்சே" என்று தோன்றும். ஆனால் அது கிருமியைக் கொல்லவில்லை. கிருமியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த உடம்பைத்தான் அமைதிப்படுத்தியது. உள்ளே பூஞ்சை இருந்தால், அதற்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

அப்படியென்றால் ஸ்டீராய்டே கூடாதா? இதிலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2006 முதல் 2010 வரை, பாக்டீரியாப் புண் என்று உறுதியான 500 பேர். முதலில் 48 மணி நேரம் ஆன்டிபயாடிக் சொட்டு. அதன்பிறகுதான் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு. பூஞ்சை இருந்தவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. 2012-ல் வந்த முடிவின்படி, மொத்தமாகப் பார்த்தால் மூன்று மாதத்தில் பார்வையில் வித்தியாசம் இல்லை. ஆரம்பத்திலேயே பார்வை மிக மோசமாக இருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் உதவியது. நோகார்டியா என்ற ஒரு வகை பாக்டீரியா இருந்தவர்களுக்கு நிலைமை இன்னும் மோசமானது.

கவனியுங்கள். கிருமி எது என்று சோதித்து, ஆன்டிபயாடிக் போட்டு, டாக்டர் கண்ணெதிரே வைத்துப் பார்க்கும்போதே ஸ்டீராய்டின் பலன் இவ்வளவுதான். எந்தச் சோதனையும் இல்லாமல் கடையில் வாங்கிப் போடுவதைப் பற்றி என்ன சொல்வது?

இதை எழுதும்போது என் அப்பிச்சி ஞாபகம்தான் வருகிறது. தென்னந்தோப்பில் மட்டை இழுக்கும்போது கண்ணில் பட்டது. ஒரு வாரம் கடைச் சொட்டு. "சிவப்பு போயிருச்சு சாமி, நல்லாருக்குது" என்றார். அடுத்த வாரம் அந்தக் கண்ணில் விரலை எண்ண முடியவில்லை. கண்ணை எடுக்கவில்லை, ஆனால் அது பிறகு வெளிச்சம் மட்டும் தெரிகிற கண்ணாகவே இருந்தது. எந்தக் கிருமி என்று அப்போது யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கிருமி எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

இதற்கு லட்சக்கணக்கில் மெஷின் வேண்டாம். கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும். சில நிமிட வேலை. எந்தப் பூஞ்சை என்று பேர் தெரிய, வளர்த்துப் பார்க்கச் சில நாள் ஆகும். ஆனால் மருந்தை ஆரம்பிக்க முதல் சோதனையே போதும். "கண்ணைச் சுரண்டப் போறாங்களாம்" என்று பயந்து எழுந்து வந்துவிடாதீர்கள்.

முதல் நாளே போனால் என்ன லாபம்?

நேபாளத்தில் பக்தபூரில் நடந்த ஆய்வு இதில் பிரபலம். கண்ணில் கீறல் விழுந்த 442 பேருக்கு ஊரிலேயே ஆன்டிபயாடிக் களிம்பு கொடுத்தார்கள். 424 பேருக்குப் புண்ணாகாமல் ஆறிவிட்டது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு ஆரம்பித்த ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. மதுரை மாவட்டக் கிராமங்களிலும் ஆன்டிபயாடிக் களிம்போடு பூஞ்சைக்கான களிம்பையும் சேர்த்து மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் பெரும்பாலான கீறல்கள் தொந்தரவில்லாமல் ஆறின.

ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்க்க களிம்பு கொடுக்காத இன்னொரு குழு இல்லை. அப்படி ஒப்பிட்டு, நேபாளத்தில் 24 கிராமப் பகுதிகளில் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2022-ல் வந்தபோது, களிம்பு கொடுத்த பகுதிகளிலும் கொடுக்காத பகுதிகளிலும் புண் வந்தவர்கள் எண்ணிக்கையில் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஊர் ஊராகக் களிம்பு கொடுத்தால் மட்டும் பிரச்சினை தீராது என்பதுதான் இன்றைய நிலை. அதனால் "களிம்பு தடவியாச்சு, இனி ஆஸ்பத்திரி வேண்டாம்" என்று இருக்க முடியாது.

கண்ணில் பட்டால் உடனே என்ன செய்யணும்?

தேய்க்கக் கூடாது. சுத்தமான தண்ணீரால் கழுவலாம். சுண்ணாம்பு, பூச்சிமருந்து, ஆசிட் பட்டிருந்தால் யோசிக்காமல் 20 நிமிடமாவது தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு ஆஸ்பத்திரி. லேத் பட்டறையில் இரும்புப் பிசிறு குத்தி நின்றால் ஊசியால், துணி முனையால், காந்தத்தால் எடுக்கப் பார்க்காதீர்கள். நாக்கால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய், இலைச்சாறு எல்லாமே திறந்த காயத்தில் இன்னொரு கிருமியைச் சேர்ப்பதுதான்.

உறுத்தல் மறுநாளும் இருந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அன்றே கண் டாக்டர். காண்டாக்ட் லென்ஸ் போடுகிற காலேஜ் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். லென்ஸை உடனே கழற்றிவிட்டுப் போகணும்.

டாக்டர் நேட்டாமைசின் எழுதிக் கொடுத்தால், ஒவ்வொரு தடவையும் பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டுப் போடுங்கள். குலுக்காவிட்டால் மருந்து அடியிலேயே தங்கிவிடும். புண் மேல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நிற்கும், அது மருந்துதான், பயப்பட வேண்டாம். மணிக்கொரு தடவை என்றால் மணிக்கொரு தடவைதான். தோட்ட வேலையை வைத்துக்கொண்டு தனியாக முடியாது, அதனால் வீட்டில் ஒருவர் கூட இருக்கணும் அல்லது அட்மிட் ஆகணும். பூஞ்சைப் புண் மெதுவாகத்தான் ஆறும், வாரக்கணக்கில் ஆகும்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது இன்னொன்று. ஏற்கெனவே கடையில் வாங்கிப் போட்ட சொட்டு மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்ததா இல்லையா என்பது டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.