கை உயர்த்தினால் காணி கைமாறுமா?

சிறுபோகம் தொடங்குமுன் மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துக்கு ஆரம்பக் கூட்டம் கூடும். அதிகாரிகள் ஒரு பக்கம், வட்டவிதானைமார் ஒரு பக்கம், படுவான்கரை விவசாயிகள் நடுவில். குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் செய்யலாம், வாய்க்காலுக்கு எந்தத் திகதியில் தண்ணீர் விடுவது என்பதெல்லாம் அங்கே பேசித் தீரும். தீர்ந்ததற்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும். அதே கூட்டம் ஒருநாள் கை உயர்த்தி, இன்னாருடைய வயலைப் பிடுங்கி இன்னாருக்குக் கொடு என்று தீர்மானித்தால்? இதற்கா எங்களைக் கூப்பிட்டீர்கள் என்று எழுந்து போவார்கள்.

ஏறக்குறைய இதே உதாரணத்தை 1798இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் சாமுவேல் சேஸ் என்ற நீதியரசர் சொன்னார். ஒருவனின் சொத்தை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுக்கும் சட்டம், அரசியலமைப்பில் தடை எழுதப்படாவிட்டாலும் சட்டமாகாது; அப்படியோர் அதிகாரத்தை மக்கள் தங்கள் பிரதிநிதிகளுக்குக் கொடுத்திருக்கவே மாட்டார்கள் என்பது அவர் வாதம். உடனிருந்த ஜேம்ஸ் ஐர்டெல் ஒப்பவில்லை. இயற்கை நீதி எது என்பதில் மகா கெட்டிக்காரர்களே முரண்படுகிறார்கள், எழுத்தில் இருக்கும் தடையை மட்டுமே நீதிமன்றம் பார்க்கலாம் என்றார். கால்டர் எதிர் புல் என்ற அந்த வழக்கே ஒரு மரணசாசனத் தகராறுதான். நீதிமன்றம் தள்ளிய உயிலை மறுபடி விசாரிக்கும்படி கொனெக்டிகட் சட்டசபை தீர்மானம் போட்டிருந்தது. இத்தனை பேசிய சேஸும் கடைசியில் அந்தத் தீர்மானத்தைச் செல்லும் என்றே விட்டார்! பின்னோக்கிச் செல்லும் சட்டத்துக்கான தடை குற்றவியல் சட்டங்களுக்கே பொருந்தும் என்பது தீர்ப்பு.

அமெரிக்கர்கள் அரசனோடு சண்டையிட்டுப் பிரிந்தவர்கள். ஆனால் பிரிந்த கையோடு அவர்களுக்குப் பயம் பிடித்தது சட்டசபைகள் மீது. கடன்காரருக்குச் சலுகைச் சட்டம், முடிந்த வழக்கை மீண்டும் திறக்கும் சட்டம் என்று மாநில சபைகள் ஆடிய ஆட்டம் அப்படி. வர்ஜீனியா சபையில் எல்லா அதிகாரமும் குவிவதைக் கண்ட ஜெபர்சன், 173 கொடுங்கோலர்களும் ஒரு கொடுங்கோலன் அளவுக்கே கொடியவர்கள் என்ற கருத்தில் எழுதினார். ஆளைக் குறிவைத்துத் தண்டிக்கும் சட்டம், நடந்து முடிந்த செயலைப் பிறகு குற்றமாக்கும் சட்டம் ஆகிய இரண்டையும் 1787 அரசியலமைப்பு வெளிப்படையாகத் தடுத்தது இதனால்தான். மீறினால் யார் தடுப்பது? நீதிமன்றம் என்று 1788இல் ஹமில்டன் வாதாடினார். 1803இல் மார்பரி வழக்கில் தலைமை நீதியரசர் மார்ஷல் அதைத் தீர்ப்பாகவே எழுதினார்.

இனி நம் பக்கம் வருவோம். 1962 ஜனவரி 27 இரவு கொழும்பில் இராணுவ, பொலிஸ் உயரதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டுப் பிடிபட்டார்கள். சிறிமாவோ அரசு அவர்களுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1962 ஜனவரி 1இலிருந்தே அது நடைமுறையில் இருந்ததாகக் கொள்ள வேண்டுமாம். பொலிஸுக்குக் கொடுத்த வாக்குமூலமும் சாட்சியமாகும். குறைந்தது 10 ஆண்டு சிறை, சொத்துப் பறிமுதல். யூரி இல்லாமல் விசாரிக்கும் மூன்று நீதியரசர்களை அமைச்சரே பெயர் குறிப்பிடலாம். அப்படிப் பெயர் குறிக்கப்பட்ட ரி.எஸ். பெர்னாண்டோ, எல்.பி. டி சில்வா, ஸ்ரீஸ்கந்தராஜா மூவரும் ஆசனத்தில் அமர்ந்து, எங்களை நியமிக்க அமைச்சருக்கு அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். இலங்கை நீதிமன்ற வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

சட்டம் திருத்தப்பட்டு, 24 பேரில் 11 பேர் 1965இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். மேன்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. சேஸ் சொன்ன ரகமான, நீதியின் அடிப்படைக் கோட்பாடு என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. எடுபட்டது வேறு: குறிப்பிட்ட சிலரைத் தண்டிப்பதற்கென்றே சட்டம் செய்தபோது, பாராளுமன்றம் நீதிபதிகளின் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1965 டிசெம்பர் 2இல் அத்தனை பேரின் தண்டனையும் ரத்தானது. சதிகாரர்கள் மீது எனக்கு இரக்கமில்லை. ஆனால் தீர்ப்பு சரி.

அன்று நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு எழுத்திலேயே ஒரு வேலி போட்டிருந்தது: ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் கூடாது. அதை நம்பி, சிங்களத் தேர்வில் சித்தியடையாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் வழக்காடினார். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய அரசகரும மொழிச் சட்டமே செல்லாது என்று 1964இல் மாவட்ட நீதிபதி ஓ.எல். டி கிரெட்சர் தீர்த்தார். மேல்முறையீடுகள் சம்பளத்துக்கு வழக்காடும் உரிமையைச் சுற்றியே போயின. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு இறுதி விடை வரவில்லை. 1972இன் புதிய அரசியலமைப்பில் அந்த வேலியையே பிடுங்கிவிட்டார்கள்.

1978 அரசியலமைப்பின்படி, நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிக் குறுகிய கெடுவுக்குள் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனால்தான் உண்டு. உன்னிச்சையில் வயல் செய்கிறவருக்கு இந்தக் கெடு எதற்குப் போதும்? வர்த்தமானியைத் தேடிப் பிடித்து, சட்டத்தரணி வைத்து, இரவு பஸ் ஏறுவதற்குள் நாள் ஓடிவிடும்.

ஆனாலும் 2003இல் யாரோ வேளைக்கே போனார்கள். நீர்ச் சேவைகள் மறுசீரமைப்புச் சட்டமூலம் மாகாண சபைகளின் விடயத்தைத் தொடுவதால், முதலில் ஒவ்வொரு மாகாண சபையிடமும் கருத்துக் கேட்க வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். சட்டமூலம் அத்தோடு நின்றது. அன்று வடகிழக்கு மாகாண சபையில் கேட்பதற்கு உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. பின்னர் 2008இலும் 2012இலும் தெரிவான கிழக்கு மாகாண சபையும் 2017 செப்டெம்பரில் காலாவதியானது. அதன்பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநர் ஆள்கிறார்.

(தொடரும்)