தண்டனைக் கைதி வம்சாவளித் தேடல் (ஆஸ்திரேலியா)

தீவாந்தரத் தண்டனை பெற்று ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட மூதாதை ஒருவர்வரை குடும்ப வரலாற்றைப் பின்னோக்கித் தேடும் முயற்சி. 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 பேர், பெரும்பாலும் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும், அங்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் சுமார் 25,000 பேர் பெண்கள். பெரும்பாலோர் மீதான குற்றம் திருட்டு.

தேடலைக் கைதியிடமிருந்து தொடங்கக் கூடாது. இன்றைய தலைமுறையிலிருந்து பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகள் வழியே ஒவ்வொரு படியாக மேலேற வேண்டும். தாஸ்மேனியாவில் 1838இலும் நியூ சவுத் வேல்ஸில் 1856இலும் அரசுப் பதிவு தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகளே கதி. நியூ சவுத் வேல்ஸில் 1828இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு பெரிய உதவி. கைதியாக வந்தவரா, சுதந்திரமாக வந்தவரா, குடியேற்றத்திலேயே பிறந்தவரா என்பதும், வந்த கப்பலின் பெயரும் அதில் உண்டு.

கப்பல் பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே பெயரில் பலர் இருந்ததால் அதிகாரிகளே கைதிகளைப் பெயரோடு கப்பலையும் சேர்த்துத்தான் அடையாளம் கண்டனர். அந்தந்தக் கப்பலின் கைதிப் பட்டியலில் விசாரணை நடந்த ஊர், நாள், தண்டனைக் காலம் ஆகியவை இருக்கும். பிற்காலப் பட்டியல்கள் சொந்த ஊர், தொழில், மதம், எழுத்தறிவு, உயரம், கண்ணின் நிறம், தழும்பு, பச்சை குத்தியதுவரை சொல்கின்றன. ஊரிலேயே இருந்து மறைந்த ஏழை உழவனைப் பற்றி எந்த அரசும் இவ்வளவு எழுதி வைத்ததில்லை. நன்னடத்தை அனுமதிச் சீட்டு, மன்னிப்பு ஆணை, விடுதலைச் சான்றிதழ், திருமண அனுமதி விண்ணப்பம் என அதன்பின்னும் தாள்கள் தொடரும். லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டவராயின் வழக்கின் அச்சிட்ட அறிக்கையும் கிடைக்கலாம்.

குடும்பத்தின் மௌனமே பெரிய தடை. கைதியின் வாரிசு என்பது நெடுங்காலம் இழுக்காகக் கருதப்பட்டதால், பலர் பெயரையும் ஊரையும் மாற்றிச் சொன்னார்கள். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை தலைகீழானது. 1788இல் வந்த முதல் கப்பல் தொகுதியினரின் வாரிசுகளுக்கென 1968இல் தொடங்கிய சங்கம், வம்சாவளியை நிரூபித்தவர்களையே உறுப்பினராக்குகிறது. 2007இல் கைதி ஆவணங்கள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

அயர்லாந்துத் தேடல் சற்றுக் கடினம். 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் பழைய பதிவுகள் பெருமளவு அழிந்தன. நாடுகடத்தல் ஆவணங்கள் வேறிடத்தில் இருந்ததால் பல தப்பின. அவற்றின் நுண்படச் சுருள்களை 1988இல் அயர்லாந்து ஆஸ்திரேலியாவுக்கு அன்பளிப்பாகத் தந்தது.