கோடிங் கத்துக்க எந்த சாஃப்ட்வேர்? எடிட்டர் போதுமா, ஐடிஇ வேணுமா? முழு விளக்கம்

கல்லூரியில் சேர்ந்து பைத்தான், சி, ஜாவா என்று தொடங்கும் மாணவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம், ‘புரோகிராமை எதுல டைப் பண்றது?’ என்பதுதான். ஒரு சீனியர் நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் போதும் என்பார், இன்னொருவர் பைசார்ம் போடச் சொல்வார். பெரிய சாஃப்ட்வேரைப் போட்டதும் பழைய லேப்டாப் திணறும். உடனே ‘புது லேப்டாப் வேணும்’ என்று வீட்டில் கேட்பதும் நடக்கிறது. அந்தச் செலவு உண்மையிலேயே தேவையா?

எடிட்டர் என்றால் என்ன?

புரோகிராமை எழுதி சேமிப்பது மட்டும்தான் டெக்ஸ்ட் எடிட்டரின் அடிப்படை வேலை. 2003-ல் வெளியான நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் இதற்கு நல்ல உதாரணம். விண்டோஸில் மட்டுமே இயங்கும் இது முற்றிலும் இலவசம். சில நொடிகளில் திறந்துவிடும், முக்கியமான சொற்களைத் தனித்தனி நிறத்தில் காட்டும். ஆனால் எழுதியதை ஓடவிட பைத்தானையோ, சி கம்பைலரையோ நீங்கள்தான் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

ஐடிஇ என்ன செய்யும்?

எழுதுவது, கம்பைல் செய்வது, ஓடவிடுவது, பிழை தேடுவது எல்லாமே ஒரே கூரையின் கீழ் இருந்தால் அதுதான் ஐடிஇ. பைத்தானுக்கு பைசார்ம், ஜாவாவுக்கு இன்டெல்லிஜே ஐடியா, எக்லிப்ஸ், ஆண்ட்ராய்டு ஆப்களுக்கு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஆகியவை பிரபலம்.

இதன் பெரிய பலம் டீபக்கர். புரோகிராமை குறிப்பிட்ட வரியில் நிறுத்தி, அந்த நேரத்தில் எந்த வேரியபிளில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்கலாம். நூறு ஃபைல்களில் வரும் ஒரு ஃபங்ஷனின் பெயரை ஒரே முறையில் மாற்றலாம்.

அப்போ லேப்டாப் ஏன் திணறுது?

இந்த வசதிகளுக்காக ஐடிஇ உங்கள் புராஜெக்ட்டின் எல்லா ஃபைல்களையும் படித்து, பின்னணியில் அட்டவணை போட்டுக்கொண்டே இருக்கும். ரேம் அங்கேதான் காலியாகிறது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கு கூகுள் சொல்லும் குறைந்தபட்ச ரேமே 8 ஜிபி. திரையில் டம்மி போனைக் காட்டும் எமுலேட்டரையும் சேர்த்தால் இன்னும் தேவைப்படும். இதற்கு ஒரு வழி இருக்கு. எமுலேட்டரைத் தவிர்த்து, உங்கள் ஆண்ட்ராய்டு போனையே யுஎஸ்பி கேபிளில் இணைத்து ஆப்பைச் சோதிக்கலாம்.

நடுவில் நிற்கும் விஎஸ் கோட்

2015-ல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய விஷுவல் ஸ்டூடியோ கோட் அடிப்படையில் ஓர் எடிட்டர்தான். எக்ஸ்டென்ஷன்களைச் சேர்க்கச் சேர்க்க ஐடிஇ போல மாறும். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் ‘விஷுவல் ஸ்டூடியோ’ வேறு. அது பல ஜிபி இடம் பிடிக்கும் முழு ஐடிஇ.

விஎஸ் கோட் போட்ட பலர் சி புரோகிராம் ஓடவில்லை என்று குழம்புவதுண்டு. காரணம் எளிது: அதில் சி கம்பைலர் கிடையாது. ஜிசிசி போன்ற கம்பைலரைத் தனியாகப் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன்களிலும் கவனம் தேவை. யார் வெளியிட்டது என்று பார்க்காமல் கண்டதை எல்லாம் சேர்த்தால் வேகமும் போகும், பாதுகாப்பும் போகும்.

யாருக்கு எது சரி?

• இப்போதுதான் தொடங்குபவர்கள், 4 ஜிபி ரேம் லேப்டாப் வைத்திருப்பவர்கள்: நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் போதும். பைத்தான் என்றால், விண்டோஸில் அதனுடனேயே வரும் ஐடில், அல்லது தொடக்கநிலை மாணவர்களுக்காகவே உருவான தானி.

• வெப்சைட் உருவாக்குபவர்கள், பல மொழிகளில் எழுதுபவர்கள்: விஎஸ் கோட்.

• ஆண்ட்ராய்டு ஆப், பெரிய ஜாவா புராஜெக்ட்: ஐடிஇ இல்லாமல் செய்யலாம், ஆனால் நேரம் விரயம். ஐடிஇ-க்கே போய்விடுவது நல்லது.

• ஒரு ஃபைலைத் திறந்து இரண்டு வரி மட்டும் திருத்த வேண்டுமா? எந்த நிபுணரும் எடிட்டரைத்தான் திறப்பார்.

கவனிக்க வேண்டியவை

விண்டோஸின் சாதாரண நோட்பேடில் சேமித்தால் ‘டாட் பிஒய்’க்குப் பின்னால் ‘டாட் டிஎக்ஸ்டி’யும் ஒட்டிக்கொள்ளலாம். புரோகிராம் சரியாக இருந்தாலும் ஃபைல் கிடைக்கவில்லை என்று வரும். ‘ஆல் ஃபைல்ஸ்’ தேர்வு செய்து சேமித்தால் பிரச்சினை தீரும். பைத்தானில் டேப், ஸ்பேஸ் இரண்டையும் ஒரே இடத்தில் கலந்தாலும் பிழை வரும். எடிட்டர் செட்டிங்கில் டேப் அழுத்தினால் 4 ஸ்பேஸ் விழும்படி மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். ஐடிஇ பாதி சொல்லை டைப் செய்ததுமே மீதியை நிரப்பிக் கொடுத்துவிடும். எழுத்துத் தேர்விலோ, பேப்பரில் எழுதச் சொல்லும் இன்டர்வியூவிலோ அந்த உதவி இருக்காது. அதனால் முதல் சில மாதங்கள் எளிய எடிட்டரில் எழுதி, பிழைச் செய்தியைத் தாங்களே படித்துத் திருத்தப் பழகுவது கைகொடுக்கும். புராஜெக்ட் பெரிதாகி, ஃபைல்களுக்கு இடையில் அலைவதே வேலையாகிப்போனால், ஐடிஇ-க்கு மாற அதுதான் சரியான நேரம். புது லேப்டாப் பற்றி அப்போது யோசிக்கலாம்.